கூச்சப்படாமல் கேளுங்கள்: சொந்த விந்தணுவையே உடம்பு எதிர்த்தால்

போன மாதம் ஆண்களின் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி நாலு வரி எழுதினேன். இந்த மாதக் கடிதக்கட்டில் பாதி அதைப் பற்றியும் அதை ஒட்டியும்தான். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. ஊரையும் சிலருக்கு மாற்றித்தான் போட்டிருக்கிறேன், ஆகவே கொக்குவிலில் அது யார் என்று துப்புத் துலக்கப் புறப்பட வேண்டாம்.

எனக்கு வயது 43. முதல் மனைவியும் நானும் இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்து 2014இல் நான் கருத்தடை செய்துகொண்டேன். பிறகு அவ நோயில் இறந்துபோனா. மறுமணம் செய்து மூன்று வருடம், இப்போதைய மனைவிக்கு 33. பத்து வருடத்துக்குப் பிறகு வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கும் ஒப்பரேசன் செய்தேன். ஆறு மாதத்தில் விந்தணு வந்துவிட்டது, மில்லிலீற்றருக்கு 22 மில்லியன், அசைவும் பரவாயில்லை என்றார்கள். ஆனால் வேறொரு இடத்தில் இரத்தம் சோதித்தபோது ‘விந்தணுவுக்கு எதிரான பிறபொருளெதிரி பொசிற்றிவ்’ என்று வந்தது. ‘உங்கட உடம்பே உங்கட விந்தைக் கொல்லுது, இனிப் பிள்ளை கிடைக்காது’ என்று அங்கே சொன்னார்கள். செலவழித்த காசு முழுக்க வீணா டொக்டர்?
— கொக்குவில் வாசகர்

வீணில்லை. அப்படிச் சொன்னவர் இரத்தத்தில் இருப்பதையும் விந்தில் இருப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.

கருத்தடை செய்துகொண்ட ஆண்களின் இரத்தத்தைச் சோதித்தால் பாதிப்பேர் முதல் 70 சதவீதம் பேர் வரை இந்தப் பிறபொருளெதிரி, அதாவது அந்நியம் என்று நினைப்பதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், இருக்கும். அதாவது உங்களுக்கு வந்த ‘பொசிற்றிவ்’ இந்த ஒப்பரேசன் செய்தவர்களுக்கு வழமையாக வருவதுதான். குழாயைத் திரும்ப இணைத்து அப்பாவானவர்களிலும் கனபேருடைய இரத்தம் இதே பதிலைத்தான் சொல்லும். அதனால்தான் மறு இணைப்புக்கு முன்னர் இந்த இரத்தப் பரிசோதனையை எல்லாருக்கும் செய்ய வேண்டும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. செய்து பார்த்தாலும் முடிவெடுக்க அது பெரிதாக உதவாது.

உங்கள் விடயத்தில் பார்க்க வேண்டியது வேறு. வெளியே வரும் விந்தில், நீந்திக்கொண்டிருக்கும் அணுக்களின் மேல் அந்தப் பிறபொருளெதிரி ஒட்டியிருக்கிறதா? எத்தனை வீதத்தில் ஒட்டியிருக்கிறது? எந்த இடத்தில்? இதற்கு மார் (MAR) பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. புதிதாக எடுத்த விந்தில் ஒரு துளியை எடுத்து, பிறபொருளெதிரி பூசிய நுண்ணிய மணிகளோடு கலந்து, இரண்டையும் கோக்கும் ஒரு சீரத்தையும் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். சுத்தமான விந்தணு மணிகளுக்கு இடையால் தன்பாட்டில் நீந்திப் போய்விடும். மேலே பிறபொருளெதிரி ஒட்டியிருக்கும் அணுவில் மணிகள் வந்து தொற்றிக்கொள்ளும், அது அவற்றை இழுத்துக்கொண்டு திக்கித் திணறி ஓடும். அப்படி மணி தொற்றியவை நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் சோதனை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுக் கைநூல் 50 சதவீதத்தை எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே என்றால் அதைப் பற்றி மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

இடமும் முக்கியம். வாலின் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தலையில் ஒட்டியிருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் முட்டையின் மேலுறையைப் பிடித்துத் துளைத்து உள்ளே போவது தலைதான். அதோடு ஐஜிஏ என்ற வகை ஒட்டியிருந்தால் கருப்பைக் கழுத்துச் சளிக்குள் போன அணு முன்னுக்கு நகராமல் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். எண்ணிக்கையும் அசைவும் நன்றாக இருந்தும் பிள்ளை தங்காமல் போகும் சிலருடைய கதை இதுதான்.

சரி, உங்கள் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஐந்து நிலையங்களில் மறு இணைப்புச் செய்துகொண்ட 1,469 ஆண்களை வைத்து 1991இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. கருத்தடை செய்து மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு வந்தது, 76 சதவீதம் பேரின் மனைவிமார் கருவுற்றார்கள். இடைவெளி 9 முதல் 14 வருடம் என்றால் இந்த இரண்டும் 79 என்றும் 44 என்றும் இறங்கியது, 15 வருடத்துக்கு மேல் போனால் 71, 30. நீங்கள் பத்து வருடத்தில் செய்தவர், விந்தணு வந்துவிட்டது என்பதால் முதல் கடம்பையைத் தாண்டியாயிற்று. இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒப்பரேசன் முடிந்து கரு தங்க ஒரு வருடம் எடுப்பது சாதாரணம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விந்துப் பரிசோதனையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் செய்து எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தக் குழாயின் உள்வழி அரை மில்லிமீற்றர்கூட வராது, தலைமயிரை விட மெல்லிய நூலால் தைத்திருப்பார்கள், தைத்த இடம் ஆறும்போது சுருங்கினால் 22 என்பது 12 ஆகி, 5 ஆகி இறங்கும். அது பிறபொருளெதிரியை விடக் கெதியாகக் கவனிக்க வேண்டிய விடயம். மனைவியையும் இப்போதே ஒரு மகப்பேற்று நிபுணரிடம் காட்டி, முட்டை வெளிவருவதையும் பலோப்பியன் குழாய்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எல்லாம் சரிவரும் என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு அவவுக்கு 35இல் தேடத் தொடங்குவது நல்லதல்ல. மார் பரிசோதனை 50ஐ நன்றாகத் தாண்டி, ஒரு வருடத்திலும் ஒன்றும் நடக்காவிட்டால், ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே வைக்கும் இக்சி முறை இருக்கிறது. 1992இல் பிரசெல்சில் அதை முதலில் வெற்றியாகச் செய்து அறிவித்தார்கள். சளியையும் தாண்டத் தேவையில்லை, மேலுறையையும் துளைக்கத் தேவையில்லை என்பதால் பிறபொருளெதிரி ஒட்டியிருப்பது அங்கே பெரிய தடையாக இருப்பதில்லை. செலவு இருக்கிறது, கொழும்புக்கு ஏறி இறங்க வேண்டி வரும், ஆனால் ‘இனிக் கிடைக்காது’ என்ற பேச்சு பொய்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நிர்ப்பீடனத் தொகுதி சொந்த உடலின் கலங்களைத் தாக்காது என்று படித்தோம். அப்படியென்றால் சொந்த விந்தணுவுக்கு எதிராக ஏன் பிறபொருளெதிரி உண்டாகிறது? ரியூசன் சேரிடம் கேட்டேன், வகுப்பே சிரித்தது.
— நெல்லியடி மாணவி

சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு விடை தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும் பிள்ளை. நல்ல கேள்வி.

எது என்னுடையது, எது அந்நியம் என்று நிர்ப்பீடனத் தொகுதி பாடம் படிப்பது பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும். விந்தணு உருவாகத் தொடங்குவது பூப்புப் பருவத்தில். அப்போது அதன் மேற்பரப்பில் உடம்பின் வேறெந்தக் கலத்திலும் இல்லாத புதிய புரதங்கள் முளைக்கின்றன. பாடம் படித்து முடிந்த பிறகு வந்த ஆள் அது, உடம்புக்கு அதைத் தெரியாது. கண்டால் தாக்கும். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று காணாமல் இருக்க ஒரு ஏற்பாடு வேண்டும். விதையின் நுண்குழாய்களுக்குள் சேர்ட்டோலிக் கலங்கள் தோளோடு தோள் நெருக்கி நின்று, எங்கள் ஊர்க் கிடுகு வேலி மாதிரி, உள்ளே நடப்பதை வீதியில் போகிறவருக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கின்றன. மறைப்பு மட்டுமல்ல, விதைக்குள் எதிர்ப்பை அடக்கி வைக்கும் சுரப்புகளும் இருக்கின்றன.

குழாய் அடைபட்டால் என்ன ஆகும்? விதை தன் வேலையை நிறுத்தாது. நாளுக்குக் கோடிக்கணக்கில் அணுக்கள் வந்துகொண்டே இருக்கும். விதையின் பின்பக்கத்தில் எபிடிடிமிஸ் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், நீட்டினால் ஐந்தாறு மீற்றர் வரும் ஒரு குழாயைச் சுருட்டிச் சில சென்ரிமீற்றருக்குள் அடக்கி வைத்தது. அங்கே அமுக்கம் கூடும், மெல்லிய சுவர் எங்காவது வெடிக்கும், அணுக்கள் சுற்றியுள்ள இழையத்துக்குள் கசியும். பெருவிழுங்கிகள் வந்து அவற்றை விழுங்கி, துண்டுகளை நிணநீர் முடிச்சுகளுக்குக் காட்டும். பிறகு நீங்கள் படித்ததுதான், பீ கலங்கள், பிறபொருளெதிரி.

இது பழைய கண்டுபிடிப்பு. 1900இலேயே பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் மெற்றல்னிக்கோவ் என்பவர் கினிப்பன்றிகளுக்குக் கினிப்பன்றி விந்தணுவையே ஊசியால் ஏற்றிப் பிறபொருளெதிரி உண்டாவதைக் காட்டினார். பிள்ளையில்லாத ஆண்களிடம் இப்படி இருக்கிறது என்பதை 1954இல்தான் நெதர்லாந்தில் ரும்கேயும் அமெரிக்காவில் வில்சனும் தனித்தனியாகக் கண்டு எழுதினார்கள். இடையில் அரை நூற்றாண்டு! மலட்டுத்தனம் என்றால் பெண்ணைத்தான் சோதிப்பது என்று உலகமே இருந்த காலம் அது.

வயது 31. இரண்டு தடவை சோதித்தும் விந்தில் ஒரு அணுகூட இல்லை. அளவு 3 மில்லிலீற்றர், எஃப்எஸ்எச் 4, விதைகளின் பருமன் சாதாரணம் என்றார்கள். கூடவே இரத்தத்தில் விந்தணுவுக்கு எதிரான பிறபொருளெதிரியும் இருக்கிறதாம். ஒன்றும் இல்லாதவனுக்கு அதுவும் வேறா என்று வெறுத்துப் போய்விட்டேன்.
— மானிப்பாய் வாசகர்

தம்பி, நீங்கள் வெறுத்துப்போன அந்த வரிதான் உங்கள் றிப்போட்டில் உள்ள நல்ல வரி. விதை விந்தணுவை உருவாக்கவே இல்லை என்றால் உடம்புக்கு எதிர்க்க என்ன இருக்கிறது? பிறபொருளெதிரி இருக்கிறது, எஃப்எஸ்எச் (விதையை வேலை செய்யத் தூண்டும் சுரப்பு, விதை பழுதானால் கூடும்) கூடவில்லை, விதை சுருங்கவில்லை, ஆனால் விந்தில் அணு இல்லை. இவை எல்லாம் சேர்ந்தால் உள்ளே உற்பத்தி நடக்கிறது, வெளியே வரும் வழி அடைபட்டிருக்கிறது என்ற பக்கம்தான் காட்டுகின்றன. (விந்தின் அளவு குறையவில்லையே என்று யோசிக்க வேண்டாம். அந்த 3 மில்லிலீற்றரில் பெரும்பங்கு விந்துப்பையிலும் புரொஸ்ரேற்றிலும் ஊறும் திரவம், விந்தணுவின் பங்கு அதில் மிகக் கொஞ்சம்.)

எப்போதாவது ஒரு விதை வீங்கிக் காய்ச்சலோடு படுத்தீர்களா? சலம் போகும்போது எரிவு, சீழ் என்று எதுவும் வந்ததா? காசநோய் வந்து மருந்து எடுத்தீர்களா, அல்லது வீட்டில் யாருக்காவது இருந்ததா? கொனோரியா, கிளமிடியா போன்ற தொற்றுகளும் காசநோயும் எபிடிடிமிஸைத் தழும்பாக்கி அடைத்துவிடும். இதை டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், திருமணத்துக்கு முந்திய கதை என்றாலும் சொல்லுங்கள், அவர் உங்கள் மாமனாரிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்கு விந்தின் அளவே குறைந்து, அமிலத்தன்மையாக இருக்கும். உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. எப்படியும் ஒரு சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர் கையால் தொட்டுப் பார்த்தால் குழாய் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

வழி இரண்டு. அடைப்புக்கு அப்பால் குழாயை எபிடிடிமிஸோடு இணைப்பது ஒன்று, அது கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, விந்தணு வர ஒரு வருடம்கூட எடுக்கும். மற்றது விதையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ ஊசியால் அணுக்களை எடுத்து இக்சி செய்வது. எது என்பதை மனைவியின் வயதை வைத்து முடிவெடுங்கள்.

மகனுக்கு நாலு வயதில் வலப்பக்கம் ஹேர்னியா ஒப்பரேசன் செய்தோம். இப்போது 32, கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. மருமகளைக் கூட்டிக்கொண்டு போகாத டொக்டர் இல்லை, நல்லூருக்கும் சந்நிதிக்கும் நேர்த்தி வைத்தாச்சு. அவவுக்கு ஒரு குறையும் இல்லையாம். கடைசியில் மகனின் விந்தைச் சோதித்தபோது ‘ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கு’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பழைய ஒப்பரேசனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
— பருத்தித்துறைத் தாயார்

இருக்கலாம் அம்மா. ஹேர்னியா ஒப்பரேசன் செய்யும் கவட்டுப் பகுதிக்குள்ளால்தான் விந்துக்குழாயும் போகிறது. நாலு வயதுப் பிள்ளையில் அது நூல் தடிப்பில் இருக்கும், கையால் பிடிக்கும்போது நசுங்கலாம், தையலில் அகப்படலாம். செய்தவர் கவனக்குறைவானவர் என்று சொல்ல வரவில்லை, தெரிந்த ஆபத்து இது. அந்த வயதில் யாருக்கும் தெரியவராது. பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகி விந்தணு உருவாகத் தொடங்கும்போதுதான் அந்தப் பக்கம் தேங்கும்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் நன்றாக வேலை செய்கிறதுதானே, அது போதாதா என்று கேட்பார்கள். எண்ணிக்கைக்குப் போதும். ஆனால் வலப்பக்க அடைப்பால் உண்டான பிறபொருளெதிரி இரத்தத்தோடு எல்லா இடமும் போகும், இடப்பக்கத்தால் வரும் நல்ல அணுக்களிலும் ஒட்டும். ஒட்டினால் தலையோடு தலை, வாலோடு வால் கோத்துக்கொண்டு, எல்லா வாலும் அடித்துக்கொண்டே இருக்க, கூட்டமாக நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். மகனின் றிப்போட்டில் எழுதியிருப்பது இந்தக் காட்சியைத்தான். ஆனால் கிருமித் தொற்றாலும் இப்படி ஒட்டலாம், அதனால் மார் பரிசோதனையும் விந்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்த பிறகே முடிவு கட்ட வேண்டும். சிறுவயதில் சேதமான குழாயைத் திரும்ப இணைப்பது கருத்தடைக்குப் பின் இணைப்பதைப் போல் சுலபமில்லை. மேல்நுனி வயிற்றுக்குள் ஏறிப் போயிருக்கும், இடையில் கன இடைவெளி விழுந்திருக்கும். அதனால் பலருக்கு இக்சியே நேர்வழி.

கோபிக்காமல் கேளுங்கள். மூன்று வருடமாக மருமகளை இரத்தம் எடுக்கவும் ஸ்கான் செய்யவும் கூட்டிக்கொண்டு திரிந்தீர்கள், மகனுடைய விந்துப் பரிசோதனை கடைசியில். ஒரு சின்னப் போத்தலோடு முடிகிற சோதனை அது, ஊசிகூட இல்லை. முதல் மாதமே செய்திருக்க வேண்டும். இனி கிளினிக்குக்கு அவர்கள் இருவரும் போகட்டும், நீங்கள் வீட்டில் நில்லுங்கள்.

கணவர் கருத்தடை செய்து ஐந்து மாதம். வெட்டிய இடத்தில் பயறளவில் ஒரு கட்டி, தொட்டால் நோகுது. போக வழியில்லாமல் விந்து தேங்கித்தான் கட்டியாகுது, பிறகு புற்றுநோயாகும், இருதயத்தையும் தாக்கும் என்று மாமி சொல்கிறா. என்னாலே வந்தது என்றும் பேச்சு.
— சாவகச்சேரி வாசகி

அந்தக் கட்டி அனேகமாக விந்தணு கசிந்த இடத்தில் உடம்பு எழுப்பிய கிரனுலோமா. கசிந்த அணுக்களைப் பெருவிழுங்கிகள் சூழ்ந்து விழுங்கும் இடம். புற்றுநோயாக மாறும் கட்டி அல்ல. பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலே நோவு தணிந்துவிடும். அதுவரை இறுக்கமான உள்ளாடை, நோவு கூடினால் டொக்டர் தரும் நோமருந்து. பெரிதாகிக்கொண்டே போனால், சிவந்து காய்ச்சல் அடித்தால், அல்லது கட்டி வெட்டிய இடத்தில் இல்லாமல் விதையிலேயே இருந்தால் உடனே காட்டுங்கள்.

விந்து தேங்கித் தேங்கி நிரம்புவதில்லை. அணுக்கள் சில வாரத்தில் செத்துக் கரைந்து உறிஞ்சப்படும், கருத்தடை செய்யாத ஆண்களிலும் வெளியே போகாதவற்றுக்கு அதுதான் கதி. ஆண்மைச் சுரப்பு குழாயால் போவதில்லை, நேரே இரத்தத்துக்குள் போகிறது, அதில் ஒரு துளி குறையாது.

இருதயக் கதை மாமி சும்மா சொன்னதல்ல, அதற்கு ஒரு மூலம் இருக்கிறது. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் கருத்தடை செய்த குரங்குகளுக்குக் கொழுப்புச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தபோது, செய்யாத குரங்குகளை விட இரத்தக் குழாய்களில் கொழுப்புக் கூடப் படிந்திருந்தது. பிறபொருளெதிரிதான் காரணமோ என்று உலகமே பயந்தது. பிறகு மனிதர்களில் தேடினார்கள். 1984இல் கருத்தடை செய்த 10,590 ஆண்களைச் செய்யாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு வந்தது, இருதய நோயும் கூடவில்லை, நிர்ப்பீடனம் சம்பந்தமான மற்ற நோய்களும் கூடவில்லை. விந்தணுவுக்கு எதிரான பிறபொருளெதிரி விந்தணுவோடுதான் மல்லுக்கட்டும், முழங்காலையும் இருதயத்தையும் தேடிப் போவதில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: மூன்று மாதம் முடிந்ததும் விந்தைச் சோதித்து ‘அணு இல்லை’ என்று உறுதிப்படுத்தினீர்களா? இல்லையென்றால் அதுவரை வேறு கருத்தடையும் பாவியுங்கள். வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே நின்ற அணுக்கள் போய்முடியக் காலம் எடுக்கும்.

விந்தணுவில் பிறபொருளெதிரி இருக்கென்று பிரெட்னிசலோன் தந்தார்கள். தினம் 20 மில்லிகிராம், ஐந்து மாதமாகக் குடிக்கிறேன். முகம் ஊதி, நித்திரை இல்லை, சீனியும் கூடியிருக்கு. நிறுத்தட்டோ?
— சுன்னாகம் வாசகர்

நீங்களாக நிறுத்த வேண்டாம். இதை இரண்டு தரம் வாசியுங்கள். பிரெட்னிசலோன் ஒரு ஸ்ரீரொயிட், இவ்வளவு காலம் வெளியிலிருந்து அது போனதால் உங்கள் அதிரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுந்து ஆபத்தாகலாம். இந்தக் கிழமையே ஒரு வைத்திய நிபுணரிடம் போய், படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை ஒன்றை எழுதி வாங்குங்கள்.

ஒரு காலத்தில் இதுதான் சிகிச்சை. 1990இல் லண்டனில் செய்த ஒரு பரிசோதனையில் மாதவட்டத்தோடு ஒட்டி இதைக் கொடுத்தபோது கருவுற்றவர்கள் கூடியிருந்தார்கள். வேறு பரிசோதனைகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. நட்டக் கணக்கோ தெளிவாகவே தெரிந்தது: இரைப்பைப் புண், நீரிழிவு, மனநிலை மாற்றம், மறைந்திருந்த காசநோய் கிளம்புவது. எல்லாவற்றிலும் மோசமானது இடுப்பு மூட்டு எலும்பின் தலை இரத்தோட்டம் இல்லாமல் செத்துப்போவது. முப்பது வயதுக்காரருக்கு இடுப்பு மாற்றும் ஒப்பரேசன். இக்சி வந்த பிறகு இந்த விலையைக் கொடுக்க யாரும் சொல்வதில்லை. கவட்டிலோ தொடையிலோ நோவு வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

பிறபொருளெதிரி என் உடம்பிலும் இருக்கலாமாம், ஆறு மாதம் ஆணுறை பாவித்தால் குறையும் என்று ஒரு அக்கா சொன்னா. உண்மையா?
— நல்லூர் வாசகி

சில பெண்களின் உடம்பில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தேடிச் சோதிப்பதால் சிகிச்சை மாறுவதில்லை, ஆணுறை வைத்தியம் பலன் தந்ததாக நல்ல ஆதாரமும் இல்லை. பிள்ளை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதம் பிள்ளை வராமல் பார்த்துக்கொள்வது என்ன வைத்தியமோ, அந்த அக்காவுக்கே வெளிச்சம். இதே கடிதத்தில் முருங்கைப் பிசினும் நாட்டுக்கோழி முட்டையும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடக் கொடுங்கள், ஒட்டிய பிறபொருளெதிரியை அவை கழற்றாது. ஆய்வுகூடத்தில் விந்தைக் கழுவினாலே அது வடிவாகக் கழலாது.

மார் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அங்கே வைத்து எடுக்கச் சரியான கூச்சமாக இருக்கு. வீட்டில் எடுத்துக் கொண்டுவரலாமா?
— நெடுந்தீவு வாசகர்

நெடுந்தீவிலிருந்து ஏலாது தம்பி. எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் மேசைக்குப் போக வேண்டும், அரை மணித்தியாலம் என்றால் இன்னும் நல்லது. உங்களுக்குக் குறிகாட்டுவானுக்கு வள்ளம் வந்து சேரவே ஒரு மணித்தியாலம் போய்விடும், பிறகு பஸ். இந்தச் சோதனையில் நீந்தும் அணுக்களைத்தான் எண்ணுவார்கள், செத்துப்போனதைக் கொண்டுவந்தால் எண்ண ஒன்றும் இருக்காது. முதல்நாளே வந்து யாழ்ப்பாணம் டவுனுக்குள் சொந்தக்காரர் வீட்டிலோ லொட்ஜிலோ தங்குங்கள், காலையில் அங்கே எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடியுங்கள். எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று முதலே போன் எடுத்துக் கேளுங்கள், சில இடங்களில் இந்தச் சோதனையைக் குறிப்பிட்ட நாட்களில்தான் செய்வார்கள்.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்குக் கூடாமல் விலகி இருந்து எடுக்க வேண்டும். அவர்கள் தரும் வாயகன்ற போத்தலிலேயே எடுங்கள். ஆணுறையில் வேண்டாம், அதிலுள்ள மருந்து அணுக்களைக் கொன்றுவிடும். சவர்க்காரம், எண்ணெய் ஒன்றும் பாவிக்க வேண்டாம். முதல் சொட்டுச் சிந்தினால் மறைக்காமல் சொல்லுங்கள், அதில்தான் அணுக்கள் கூட இருக்கும். போத்தலில் பெயரும் எடுத்த நேரமும் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைக்காமல், சேட்டுக்குள்ளே உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போங்கள். கொடுக்கும் இடத்தில் நிற்பவர் காலையிலிருந்து பத்துப் போத்தல் வாங்கியிருப்பார், உங்கள் முகத்தை அவர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.